கொரியாக் கதை

ஸ்ரீபன் கொரியாவில் மீன் பண்ணை வேலை முடித்துத் திரும்பி ஒரு வருடமாகியும், அவன் முழுதாக வந்து சேர்ந்துவிட்டான் என்று மனைவி யதுசாவுக்குத் தோன்றவில்லை. உடம்பு முல்லைத்தீவுக் கடலில் வலை இழுத்தது. வாய் மட்டும் கொரிய மைதானங்களிலேயே நின்றது. குழம்புக்கு உப்புக் காணுமா என்று கேட்டால், இரண்டாயிரத்து இரண்டில் கொரியா இத்தாலியை வீட்டுக்கு அனுப்பிய கதை வரும். உப்பைப் போட்டுவிட்டு வருவதற்குள் ஸ்பெயினும் தோற்று, கொரியா அரையிறுதிக்குப் போயிருக்கும். ஊரில் அவன் பெயரே 'கொரியா' ஆகிவிட்டது.

2022 உலகக் கிண்ணத்தில் கொரியாவுக்கும் போர்த்துக்கலுக்கும் மட்ச் என்றதும், யதுசாவின் தமையன் மெல்ரொன் கொடுப்புக்குள் சிரித்தபடி வந்து குந்தினான்.

"மச்சான், நானிருக்கிற இந்தக் 'கதிரை' எண்ட சொல்லே போர்த்துக்கல் பாசை. குசினி, அலுமாரியும் அவங்கட. எங்கட கத்தோலிக்க வேதமே அவங்கட கப்பலிலதான் வந்தது. கொரியா என்னடா தந்தது?"

"நீ மட்ச் பாக்கப்போற ரீவி," என்றான் ஸ்ரீபன்.

மெல்ரொன் விடவில்லை. "சரி, பந்தயம். கொரியா தோத்தா இனி நீ கொரியாக் கதை எடுக்கக்கூடாது. வெண்டா, ஒரு கிழமைக்கு நீ சொல்லுற எல்லாத்தையும் வாய் திறக்காமல் கேக்கிறன்."

அன்று பின்னேரம் யதுசா அந்தோனியார் கோயிலில் போர்த்துக்கலுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். அந்தோனியார் லிஸ்பனில் பிறந்தவர். சொந்த ஊரைக் கைவிடமாட்டார் என்று நம்பினாள்.

நம்பிக்கை வீண்போகவில்லை. மட்ச் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே போர்த்துக்கல் கோல் போட்டது. மெல்ரொன் போட்ட சத்தத்தில் வீடு அதிர்ந்தது. ஸ்ரீபன் ஒன்றும் பேசவில்லை. யதுசா மெழுகுதிரி கொளுத்திக் கேட்ட அமைதி அதுதான். ஆனால் அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவன் அங்கிருந்து போன் எடுத்த நாட்கள் நினைவுக்கு வந்தன. குளிரில் விரல் வெடித்ததை அவன் ஒருநாளும் சொன்னதில்லை. வந்த பிறகு அவளே தழும்பைக் கண்டாள். போனில் சொன்னதெல்லாம் பந்துக் கதைதான். முதலாளிக் கிழவர் மைதானத்துக்குக் கூட்டிப்போனாராம். கொரியச் சண்டை முடிந்த அடுத்த வருடமே கொரியா முதன்முதலாக உலகக் கிண்ணத்துக்குப் போய், ஒன்பது கோல் வாங்கியதை அந்த மனிசன் பெருமையாகச் சொன்னாராம். 'தோத்ததில என்ன பெருமை?' என்று அவள் கேட்டதற்கு, 'போனவங்கள் எல்லோ' என்றான்.

அந்த நேரம் போர்த்துக்கல் ஏழாம் நம்பரின் முதுகில் பட்டு விழுந்த பந்தை ஒரு கொரியன் உள்ளே தள்ளினான். ஒன்றுக்கு ஒன்று.

"முதுகால பாஸ் குடுக்கிறதையும் போர்த்துக்கல்தான் தந்ததோ அண்ணை?" என்றாள் யதுசா. மெல்ரொன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

தொண்ணூறு நிமிடமும் முடிந்து கூட்டிக் கொடுத்த நேரத்தில், முகக் காயத்துக்கு முகமூடி போட்ட கொரிய அணித் தலைவன் தன் பக்கத்திலிருந்து பந்தோடு ஓடத் தொடங்கினான். "ஓடு! ஓடடா!" என்று கத்தியது யதுசாதான். எதிராளியின் கால்களுக்கிடையால் அவன் தட்டிவிட, இன்னொருவன் அடித்தான். கோல்!

வென்றும் முடியவில்லை. அதே நேரம் வேறு மைதானத்தில் நடந்த மட்சில் உருகுவே இன்னொரு கோல் போட்டால் கொரியா வெளியே. மைதானத்தில் வீரர்கள் வட்டமாக நின்று போனைப் பார்த்தார்கள். இங்கே இவர்கள் அவர்களைப் பார்த்தார்கள். யதுசா புருசனின் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். கொரியர்கள் துள்ளியபோதுதான் விட்டாள்.

மெல்ரொன் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு கிழமை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அதற்கிடையில் பிரேசிலிடம் கொரியா தோற்றது. அந்த மட்ச் நடுச்சாமத்தில், யதுசா நித்திரையாகிவிட்டாள்.

காலையில் ஸ்ரீபன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்தான்.

"எத்தனை?" என்று கேட்டாள்.

"நாலுக்கு ஒண்டு."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு அவனுக்கு எதிரே வந்து இருந்தாள்.

"அந்த ஒண்டு எப்பிடிப் போட்டவங்கள்? சொல்லுங்கோ."