ராட்கேயின் இரண்டு மான்கள்

டுவேன் ராட்கே புது மானின் கொம்புகளை என் சமையலறை மேசைமேல் வைத்தபோது, பதினான்கு வருஷமாக நான் காத்திருந்த நாள் வந்துவிட்டது.

எங்கள் வுல்ஃப் கிரீக் வில்வேட்டைச் சங்கத்தில் கொம்பு அளக்கும் பொறுப்பு என்னுடையது. அம்பெய்து வீழ்த்திய மானின் கொம்பை அறுபது நாள் உலரவிட்டு, நீளம், சுற்றளவு, நடு அகலம் எல்லாம் அளந்து கூட்டிப் பதிவேட்டில் ஏற்றுவோம். விஸ்கான்சினில் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அந்த ஏட்டில் முதல் பெயராக இருப்பதைவிடப் பெரிய கௌரவம் கிடையாது.

ஒரு காலத்தில் அது என் கணவர் நார்பர்ட்டின் பெயர். ராட்கே ஒரு மான் தலையைக் கொண்டுவந்து, கால் அங்குலத்தில் அவரைக் கீழே தள்ளினான். "மண்டையோட்டை நடுவுல அறுத்து, அகலப்படுத்தி ஒட்டியிருக்கான்" என்று நார்பர்ட் கூட்டத்திலேயே சொன்னார். அன்று அளந்தவர் ராட்கேயின் மாமா. யாரும் சோதிக்கவில்லை. பொறாமையில் அவதூறு பேசினார் என்று நார்பர்ட்டைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். அதன்பின் அவர் வில்லைத் தொடவில்லை. அந்தத் தலை பாடம் செய்யப்பட்டு ராட்கேயின் மதுக்கடைச் சுவரில் ஏறியது. அங்கே வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் மீன் விருந்துக்குப் போனால் எங்கள் மேசையருகே நின்று, "என்ன நார்ப், தட்டுல இருக்கற மீனையாவது அளந்து பாத்தியா?" என்பான். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள்.

நான் அளக்கப் படித்துத் தேர்வு எழுதியது கொம்பின்மேல் இருந்த ஆசையால் அல்ல.

புது மான் உண்மையிலேயே பெரியது. வெட்டில்லை, ஒட்டில்லை. நான் நிதானமாக அளந்தேன். பிறகு, மனமறிந்து, இரண்டு அங்குலம் குறைத்து எழுதினேன்.

"ரெண்டாவது இடம் டுவேன். உன் பழைய மானுக்கு அடுத்து."

"என் மானே என் மானைத் தோக்கடிச்சிடுச்சா? கண்ணாடிய மாத்தும்மா, ஆர்டிஸ்!"

"சந்தேகம்னா மறுபடி அளக்கச் சொல்லிக் கேளு."

"கேக்கத்தான் போறேன்! உன் வேலைக்கும் சேத்து வேட்டு வைக்கிறேன் பாரு."

அவன் கேட்பான் என்று எனக்குத் தெரியும். விதிப்புத்தகத்தைப் புரட்டமாட்டான் என்பதும் தெரியும். மறுபடி அளக்கச் சொல்லிக் கேட்பவரின் எல்லாப் பதிவுகளையும் வெளியூர் நடுவர்கள் சேர்த்தே சோதிப்பார்கள்.

மூன்று நடுவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கால்நடை மருத்துவர் சீபெர்ட். குதிரைக் கால்களுக்கு வைத்திருந்த எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவரச் சொல்லி நான்தான் கடிதம் போட்டிருந்தேன். சுவரிலிருந்து தலையை இறக்கச் சொன்னதும் ராட்கேயின் முகம் வெளுத்தது.

"அது எதுக்கு? அது பழசு. அதை விடுங்க."

திரையில் எல்லாரும் பார்த்தோம். மண்டையோட்டின் நடுவே நேரான ஒரு பிளவு, அதில் ஒரு மரத்துண்டு, இரண்டு திருகாணிகள்.

ராட்கேயை ஆயுள் முழுக்க விலக்கினார்கள். ஏமாற்றியவரின் எல்லாப் பதிவும் ரத்து என்பது விதி; பழைய மானோடு புது மானும் ஏட்டிலிருந்து போனது. அதை மறுபடி அளந்தபோது என் இரண்டு அங்குலப் பொய்யும் வெளியே வந்து, என் பொறுப்பும் போனது. சீபெர்ட் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அளவு நாடாவை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நார்பர்ட்டிடம் சொன்னேன்: "உன் பேரு மறுபடி மேல வந்துடுச்சு."

"அந்தப் புது மான் நெசமாவே பெருசா?"

"ஆமா."

"என்னோடத விடவா?"

"ரெண்டு அங்குலத்துக்கு மேல."

"அப்ப அது அவன் நேர்மையா அடிச்ச மான். அதையும் ஏன் எடுத்த, ஆர்டிஸ்?"

"உன்கிட்டேருந்து அவன் எடுத்ததுக்கு."

வெள்ளிக்கிழமை விருந்துக்கு அவர் வர மறுத்துவிட்டார். நான் தனியாகப் போனேன். யாரும் சிரிக்கவில்லை, என்னோடு பேசவும் இல்லை. பொரித்த மீனை ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டேன். பல வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அதன் ருசி தெரிந்தது.