கிரண் வாசலுக்கு வந்த கதை

எலுமிச்சம்பழம் வாங்கி வந்தது வீரமலை. சக்கரத்துக்கு அடியில் வைத்ததும் வீரமலைதான். ஆனால் கட்டையை எடுத்தது ரெஜிஸ். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. புதுக்கோட்டை ரோட்டு டீக்கடைகளில் இன்றைக்கும் மொத்தப் பழியையும் வீரமலை தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாவம், அந்த மனுஷன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் ரயில் பெட்டிக்குப் பூஜை போட்டவர். ரயில் பெட்டி சொன்ன இடத்தில் நிற்கும்.

திருச்சி ஏர்போர்ட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு பழைய ரைஸ் மில் வரும். அதை வாடகைக்கு எடுத்து முன்னாள் விமானப்படையினர் சங்கம் ஒரு மியூசியம் நடத்துகிறது. உள்ளே ஒரு பாராசூட், சில ரேடியோ பெட்டிகள், சுவர் நிறைய போட்டோக்கள். வருஷத்தில் ஒரு நாள், அக்டோபர் எட்டு, விமானப்படை தினம். அன்றைக்குக் கொடியேற்றி, படையில் இருந்து காலமான நம் மாவட்டத்துக்காரர்களின் பெயர்களை வாசித்து, பெயருக்கு ஒரு தரம் மணி அடிப்பார்கள். அந்தக் குடும்பத்தார் எழுந்து நிற்பார்கள். அன்று ஒரு நாள்தான் நாற்காலி பற்றாது. மற்ற நாளெல்லாம் உள்ளே மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் ரெஜிஸும் நாலு புறாவும்தான்.

மில்லை ஒட்டி வாசல் வரை நீளும், முன்பு நெல் காயவைத்த சிமெண்ட் களத்தின் பின்கோடியில், கிரண் நின்றது. சண்டைக்குப் போகிறவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த ஜெட் விமானம் அது. முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, ஒன்று வாத்தியாருக்கு, ஒன்று மாணவனுக்கு. விமானப்படை பெரிய மனது பண்ணிக் கொடுத்தது. ஆனால் நெல் திருட்டுக்குப் பயந்து மில்காரர் எழுப்பிய மதில் இருக்கிறதே, அது வாலைக்கூட வெளியே காட்டவில்லை. உள்ளே ஒரு விமானம் நிற்கிறது என்று எதிர் டீக்கடைக்காரருக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலப்புதூர்க்காரரான ரெஜிஸ், தாம்பரத்தில் சார்ஜென்ட்டாக இருந்தவர். இருபது வருஷமும் கிரணோடுதான் குடித்தனம். விமானத்தை முடுக்கிச் சரிபார்த்து அனுப்பிவைப்பது அவர் வேலை. பைலட் உள்ளே உட்கார்ந்து இரண்டு கட்டை விரலையும் வெளிப்பக்கமாகக் காட்டினால், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுக்க வேண்டும். திரும்பி வந்து இரண்டு கட்டை விரலையும் உள்பக்கமாகக் காட்டினால் கட்டையை வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள நேரத்தில் ரெஜிஸுக்கு ஒரு வாய் காபி இறங்காது.

அந்த வருஷம் விமானப்படை தினத்துக்கு விங் கமாண்டர் சம்ரீன் சிறப்பு விருந்தினராக வருகிறார் என்று போன் வந்தபோது ரெஜிஸ் துள்ளிக் குதிக்காத குறை. பேசிய அதிகாரி அடுத்து சொன்னதில் எல்லாம் வடிந்துவிட்டது. ஆளே வராத இடத்தில் கிரணை எதற்கு வைத்திருக்க வேண்டும், வேறு ஊருக்குக் கொண்டுபோகலாமா என்பதையும் மேடம்தான் நேரில் பார்த்து முடிவு சொல்வாராம்.

"போனா போகட்டும்னு விடுங்க. தாம்பரத்துல எத்தனை கிரணை அனுப்பி வெச்சீங்க" என்றாள் மனைவி லிசி. அவள் ஸ்கூல் டீச்சர், கிரணுக்கு 'மூத்தாள்' என்று பெயர் வைத்தவள்.

"அதெல்லாம் திரும்பி வந்துச்சு, லிசி."

அதற்கு மேல் அவள் கிண்டல் பண்ணவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை ஏழாம் தேதி வந்து தொலைத்தது. மறுநாள் விமானப்படை தினம். மியூசியத்துக்கு ஒத்தாசையாக வந்துபோகும் வீரமலை விடுவாரா? காலையிலேயே வாழைக்கன்று, பொரி, கடலை, திருஷ்டிப் பூசணிக்காய் சகிதம் வந்து இறங்கினார். மாதா கோயில்காரரான ரெஜிஸும் வேண்டாமென்று சொல்லவில்லை. இந்த ஊரில் ஆயுத பூஜைப் பொரியை யார்தான் வேண்டாம் என்றிருக்கிறார்கள். கிரணின் மூக்கில் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. பார்க்கப் பார்க்க ரெஜிஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. போகிற பெண்ணுக்கு அலங்காரம் பண்ணின மாதிரி என்று தோன்றி வலிக்கவும் செய்தது.

வீரமலை மூன்று சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தார். "லேசா ஒரு தள்ளு தள்ளுனா போதும் சார். பழம் நசுங்குனாத்தான் பூஜை முடிஞ்சதா அர்த்தம்."

"கட்டை இருக்கே."

"அதை நீங்க எடுங்க. உங்க கைதானே ராசி."

வேறொரு நாளாயிருந்தால் ரெஜிஸ் நாலு கேள்வி கேட்டிருப்பார். அன்றைக்கு இது கடைசித் தடவையோ என்ற நினைப்பு. விறைப்பாக நின்று, இல்லாத பைலட்டுக்குப் பதிலாகத் தானே இரண்டு கட்டை விரலையும் வெளிப்பக்கம் காட்டிக்கொண்டு, குனிந்து கட்டைகளை உருவினார். சங்கத்து ஆட்கள் தள்ளினார்கள். பழம் மூன்றும் நசுங்கின. எல்லோரும் கை தட்டினார்கள்.

கிரண் நிற்கவில்லை.

மழைத் தண்ணீர் வடிய வேண்டுமென்று மில்காரர் களத்தை வாசல் பக்கம் சரிவாகப் போட்டிருந்தார். பிரேக் பிடிக்க உள்ளே யாரும் இல்லை, இருந்திருந்தாலும் பிரேக்கில் ஆயில் இல்லை. இது ரெஜிஸுக்குத் தெரியாததா? அந்த ஆயிலை வடித்துவிட்டதே அவர்தான். வாலைப் பிடித்துக்கொண்டு "நில்லு, நில்லு" என்று கூடவே ஓடினார், என்னவோ மாட்டைப் பிடிக்கிற மாதிரி. வீரமலை கையிலிருந்த பூசணிக்காயைச் சக்கரத்துக்கு முன்னால் உருட்டிவிட்டார். கிரண் அதையும் திருஷ்டி கழித்துவிட்டுப் போனது. விழாவுக்காக விரியத் திறந்து வைத்திருந்த லாரி கேட்டுக்கு நேராகப் போய், மூக்கை ரோட்டுப் பக்கம் நீட்டி, முன் சக்கரம் வாசல் சாக்கடையில் இறங்கியதும் ஒருவழியாக நின்றது. இறக்கைக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு கை போகலாம், அவ்வளவுதான்.

விமானத்துக்கு ஒரு கீறல் இல்லை. ரெஜிஸுக்குத்தான் உயிர் இல்லை.

ஆள் சேர்த்துத் தள்ளிப் பார்த்தார்கள், மேட்டில் ஏற மறுத்தது. ரெஜிஸ் கிரேன் கம்பெனி வைத்திருக்கும் ஆரிஃபுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பசங்க கிரேனுக்குப் பூஜை போட்டு, சாவியைச் சாமி படத்துக்கு முன்னாடி வெச்சுட்டாங்க. நாளைக்கு நல்ல நேரம் பார்த்துத்தான் எடுப்பாங்க."

"நீ முதலாளிப்பா."

"முதலாளிதான். இன்னைக்கு அந்தச் சாவியைத் தொட்டேன்னா நாளையிலேருந்து கிரேனை நானேதான் ஓட்டணும். இன்ஷா அல்லா காலையில வந்துடுறோம்."

ஊர் முழுக்க இதே பதில்தான். டிராக்டர், லாரி, ஜேசிபி எல்லாம் சந்தனம் வைத்துக்கொண்டு ஓய்வெடுத்தன. ரெஜிஸ் வாசல்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேடம் கேட்பதற்கு முன்பே நானே அனுப்பி வைத்துவிட்டேனே என்று புலம்பினார்.

அப்போதுதான் வாழைக்கன்று கட்டிய ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். அவர் பஸ்ஸின் மூக்கிலும் சந்தனம், எதிரே விமானத்தின் மூக்கிலும் சந்தனம்.

"என்னங்க, ஏர்போர்ட்டுலேருந்து நடந்தே வந்துடுச்சா" என்றார். பஸ்ஸே இறங்கிவிட்டது. பின்னால் வந்த ஆட்டோக்கள் நின்றன. மணப்பாறைப் பக்கம் போகிற கார் ஒன்று வழியை விட்டு வந்து நின்றது. செல்பி எடுத்தவர்கள் அதை ஊருக்கெல்லாம் அனுப்ப, உறையூரிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மூக்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பக்கத்துச் சின்னக் கேட் வழியாக உள்ளேயும் போனார்கள். பாராசூட்டைப் பார்த்தார்கள், போட்டோக்களைப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி ஒரு போட்டோவுக்கு முன்னால் நின்று, "இது எங்க சித்தப்பா" என்று அழுதுவிட்டார். நாளைக்குப் பெயர் வாசிப்போம், கண்டிப்பாக வாங்க என்று லிசி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பொரி தீர்ந்துபோய் இரண்டு தரம் வாங்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் ரெஜிஸ் கண்ணில் படவே இல்லை. அவர் சாக்கடையில் இறங்கிய சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆரிஃபின் கிரேன் வருவதற்கு முன்னாலேயே விங் கமாண்டர் சம்ரீனின் கார் வந்துவிட்டது. வாணியம்பாடிக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். கூட்டத்தில் கார் நுழைய முடியாமல் இறங்கி நடந்து வந்தார். கோட்டில் மெடல்கள் குலுங்க ரெஜிஸ் சல்யூட் அடித்தார்.

"இது எப்படி வெளியில வந்துச்சு, சார்ஜென்ட்?"

"கட்டையை நான்தான் எடுத்தேன் மேடம்."

"பிரேக்?"

"ஆயில் இல்லை மேடம்."

"தெரிஞ்சுமா எடுத்தீங்க?"

"எலுமிச்சம்பழம் நசுங்கணும் மேடம்."

சம்ரீன் அவரையும் பார்த்தார், சாமந்தி மாலை போட்ட கிரணையும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விழாவை ஆரம்பியுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அத்தனை கூட்டமும் சின்னக் கேட் வழியாகக் களத்துக்குப் போக முடியாததால் விழா வாசலிலேயே நடந்தது. கொடி ஏறியது. லிசி பெயர்களை வாசித்தாள், வீரமலை மணி அடித்தார். வழக்கமாக நாற்காலிகளில் இருந்து மட்டும்தான் ஆட்கள் எழுவார்கள். அன்றைக்குப் பஸ்கள் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றன. நேற்று அழுத பெண்மணி சித்தப்பாவின் பெயருக்கு நிமிர்ந்து நின்றார். துணைக்கு ரோடே அசையாமல் நின்றது. அப்போதுதான் ரெஜிஸ் முதல்முறையாகத் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தார்.

விழா முடிந்ததும் ஸ்ரீரங்கத்துக்காரப் பெண் ஒருத்தி மகளைக் கையில் பிடித்தபடி தயங்கித் தயங்கி வந்தாள். ப்ரீத்தி என்று பெயர். "இவ அப்பாவை ஃப்ளைட் ஏத்திவிட வந்தோம். இன்னைக்கு விஜயதசமி இல்லையா, ஆத்துக்குப் போய் அக்ஷராப்யாசம் பண்றதா இருந்தது. இதைப் பார்த்ததுலேருந்து நகர மாட்டேங்கறா. இங்கேயே எழுத வெச்சுடட்டுமான்னு..." என்று இழுத்தாள்.

ரெஜிஸ் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். சம்ரீன்தான் கேட்டார், "அரிசி இருக்கா?"

வீரமலை பூஜைத் தட்டோடு ஓடி வந்தார். சம்ரீன் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி வாத்தியார் இருக்கையில் உட்கார்ந்தார். குழந்தையை மாணவன் இருக்கையில் உட்காரவைத்துத் தட்டை மடியில் வைத்தார்கள். "நானும் இந்த மாதிரி ஒண்ணுல, அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் கத்துக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, சின்ன விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைத்தார். குழந்தை எழுதி முடித்த கையோடு எதிரே இருந்த பொத்தான்களை எல்லாம் அமுக்கிப் பார்த்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

ரெஜிஸ் தன்னை அறியாமல் மூக்குக்கு நேரே, பைலட் கண்ணில் படும் இடத்தில் போய் நின்றிருந்தார். இருபது வருஷப் பழக்கம். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து சம்ரீன் அவரைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தி முஷ்டியை மடக்கினார். கட்டை விரல்கள் நீண்டன. எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்ப்பதற்குள் ரெஜிஸுக்கு மூச்சு நின்றுபோனது.

உள்பக்கம் திரும்பின.

"வாசல்லயே இருக்கட்டும் சார்ஜென்ட். பின்னாடி கொண்டுபோய் ஒளிச்சு வெக்காதீங்க" என்றார் சம்ரீன்.

முன் சக்கரம் சாக்கடையில் அழுந்தி நிற்கிறது, அதற்குக் கட்டை எதற்கு? ஆனாலும் ரெஜிஸ் ஓடிப்போய் எடுத்து வந்தார். குனிந்து மூன்று சக்கரத்துக்கும் வைத்தார், காலால் உதைத்துப் பார்த்தார், எழுந்து சல்யூட் அடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கை சல்யூட்டில் இருந்ததால் லிசிதான் முந்தானையால் துடைத்துவிட்டாள்.