தாயம் விழுந்த மத்தியானம்

இந்த விளையாட்டுக்கு வேல்விழி சம்மதிச்சதே தப்பு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், ரதவீதியில தன் ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, காதுல ஹெட்போனை மாட்டி உக்காந்திருந்தா. போன்ல கடையநல்லூர்லேருந்து ரிஸ்வான் அகமது, கூடப் படிச்சவன். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கிட்டு வாயாலயே கதை பேசி ஆடுத விளையாட்டு இது; அவன்தான் கதையை நடத்துதவன். இன்னொரு பக்கம், ஷார்ஜாலேருந்து ஷஹீரா.

இந்தக் கடையை ரெண்டு பேருமாச் சேந்து நடத்தணும்னு காலேஜ்லயே பேசி வச்சவளுக ஷஹீராவும் இவளும். போர்டுக்குப் பேருகூட முடிவு பண்ணியாச்சு. அப்புறம் பாத்தா, நிக்காஹ் முடிஞ்சு மாப்பிள்ளையோட பிளைட் ஏறுத போட்டோ ஸ்டேட்டஸ்ல வருது. அப்பத்தான் இவளுக்கு விஷயமே தெரியும். ஒரு வார்த்தை சொன்னாளா? எரியாதா மனுஷிக்கு? அன்னைலேருந்து பேச்சு கிடையாது. "கதைக்குள்ள வேற ஆளாத்தான பேசப் போற, அதுல என்ன?"ன்னு ரிஸ்வான்தான் இழுத்து விட்டான்.

கதையில வேல்விழி கோட்டைக் காவல்காரி. ஷஹீரா, சொல்லாமக் கொள்ளாம ஊரை விட்டுப் போன வியாபாரி. இப்ப வாசல்ல வந்து நிக்கா.

"கதவைத் தொற. சொல்லாமப் போனது தப்புதான். சொல்ல வந்தா நீ அழுவ, அப்புறம் எனக்குப் போக மனசு வராது. அந்தப் பயத்துலதான் போயிட்டேன்"ன்னா வியாபாரி.

இது யாரு பேசுதது, வியாபாரியா, ஷஹீராவா? வேல்விழிக்குப் பிடிபடல.

"தொறக்க மாட்டேன்"ன்னா.

"பேசினது போதும், பகடையைப் போடுங்க"ன்னான் ரிஸ்வான். இந்த விளையாட்டுல வாள் சண்டைக்கு மட்டுமில்ல, வாய்ச்சண்டைக்கும் பகடைதான். இருபது முகம் உள்ளது, போன்லயே உருளும். தோத்த ஆளு ஜெயிச்ச ஆளு சொன்னபடி கேக்கணும்.

ஷஹீராவுக்குப் பதினொண்ணு. வேல்விழி தட்டினா. ஒண்ணு!

"தாயம்லா! தாயம்!" கடையே அதிரக் கத்துனா. தாயக்கட்டத்துல ஒண்ணு விழுந்தாத்தான காயே உள்ள இறங்கும்? அதைவிடப் பெருசு என்ன இருக்கு? "ஜெயிச்சாச்சு. அவ வந்த வழியே போகட்டும்."



"ஏ வேலு, இது தாயம் இல்ல"ன்னு இழுத்தான் ரிஸ்வான். "இதுல பெருசுதான் ஜெயிக்கும். ஒண்ணுன்னா இருக்கதுலயே மோசம். கதவு தொறந்தாச்சு."

"அதெப்படி? என் மனசு மாறவே இல்லையே!"

"காவல்காரிக்கு மாறிட்டு."

"அவளும் நான்தானலே?"

"அது எனக்கும் சரியாப் புரியல. கதவு வரைக்கும்தான் பகடை. இப்ப அவ உள்ள வந்து உன் முன்னால நிக்கா. என்ன சொல்லுத?"

"இதுக்குப் பகடை கிடையாதா?"

"கிடையாது."

இருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு அவளுக்கு. கோவம் இருந்த எடத்துலயே இருக்கு. அழுகையும் முட்டிக்கிட்டு வருது. எது காவல்காரிக்கு, எது தனக்குன்னு பிரிக்கத் தெரியாம முழிச்சா.

"சாப்டியாட்டி?" வாய் தானாக் கேட்டுட்டு.

"இது யாரு கேக்கது? காவல்காரியா, நீயா?"ன்னான் ரிஸ்வான்.

"நீ கொஞ்சம் சும்மா கெடலே."

ஷஹீரா மூக்கை உறிஞ்சுத சத்தம் கேட்டுச்சு. "இன்னும் இல்லட்டி"ன்னா. அப்புறம் மெதுவா, "கடைக்கு என்ன பேரு வச்ச?"

"வேற என்னத்த வைக்க?"ன்னு எரிஞ்சு விழுந்தா வேல்விழி. "நாம பேசி வச்ச பேருதான்."