அம்மையையும் கூட்டிக்கொண்டு

ஜெஸ்பின் இடுப்பளவுக் குழிக்குள் நின்று மண்ணை வெட்டி எறிந்துகொண்டிருந்தான். பதினெட்டு வருடம் முன்பு அம்மையை அடக்கிய குழி. கரையில் நின்ற தங்கை ஜினிஷா குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இஞ்ச பாக்காத. ஜீப்பு வருதான்னு பாரு."

அப்பா ரசலையன் விடியற்காலையில் இறந்துபோனார். வீட்டுக்குள் பெட்டியில் கிடந்தார். சிதறால் பக்கத்து இந்தச் சரிவைச் சர்க்காரிடம் குத்தகைக்கு எடுத்து, நாற்பது வருடம் ரப்பர் வைத்தவர். இப்போது குத்தகையை ரத்து செய்து, மரத்துக்கும் கிணற்றுக்கும் ஓட்டு வீட்டுக்கும் நஷ்டஈடு கொடுத்துவிட்டார்கள். இன்று மாலைக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். அந்த நஷ்டஈட்டுக் கணக்கில் அம்மையின் கல்லறையை யாரும் எழுதவில்லை. நாளை ஜேசிபி வரும்.

"அவள விட்டுட்டுப் போகப்படாது, மக்களே." நேற்று அப்பா கடைசியாகப் பேசியது அது.

சபைக் கல்லறைத் தோட்டத்தில் இருவரையும் சேர்த்து வைக்கப் போதகர் சம்மதித்திருந்தார். ஆனால் தோண்டி எடுக்க உத்தரவு வேண்டும். பிடிபட்டால் கேஸ். கேஸானால் ஜெஸ்பினின் துபாய் வேலை போச்சு. ஜினிஷாவுக்கு அதைவிடப் பெரிய பயம், மண்ணுக்குள்ளிருந்து என்ன வருமோ என்பது.

மண்வெட்டி எதிலோ தட்டியது. ஜெஸ்பின் அசையாமல் நின்றான். வளைவில் ஜீப் உறுமியது.

வருவாய் ஆய்வாளர் தனியாக இறங்கி, கோப்பும் கையுமாக நேரே வந்தார்.

"அப்பா போனது கேள்விப்பட்டேன். ஆனா இங்க அடக்கக் கூடாதும்மா. இனி இது சர்க்கார் நிலம்."

சரி, மூடிவிடுகிறோம் என்று சொன்னால் தப்பிவிடலாம். ஜெஸ்பின் தலை நிமிரவில்லை. ஜினிஷா ஓரடி முன்னால் வந்தாள்.

"அப்பாக்க குழி இல்ல சார். எங்க அம்மை. கூட்டிட்டுப் போறோம்."

அவர் எட்டிப் பார்த்தார். மண்ணில் நைலக்ஸ் சேலையின் கரை தெரிந்தது. சட்டென்று இரண்டடி பின்வாங்கினார்.

"ஆர்டர் இருக்கா?"

"இல்ல சார்."

அவர் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"நான் கிணத்துப் பக்கம் பாத்துட்டு வாறேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "வரும்போ இது மூடிக் கிடக்கணும்."

ஜெஸ்பின் எலும்புகளைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத்துணிப் பொதியை மேலே நீட்டினான். ஜினிஷா கண்ணை இறுக மூடிக்கொண்டு வாங்கினாள். கனமே இல்லை.

ஜெஸ்பின் குழியை மூடியதும், அவள் வேனில் அப்பாவின் பெட்டியருகே பொதியை மடியில் அணைத்தபடி உட்கார்ந்தாள்.

"கீழ வையேட்டி, கை நோவும்."

அவள் வைக்கவில்லை. மார்த்தாண்டம் ரோட்டில் வேன் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் கை தானாகப் போய்ப் பொதியின் மேல் பதிந்தது.