பின்னிருக்கை உள்ள பனிவண்டி

…சூடாக இருக்கிறதே என்று நினைத்தபடி, கையுறையைக் கழற்றிய கையைப் பனிவண்டியின் பானட் மேல் வைத்துக்கொண்டு நின்றான் ஹெய்மோ, விற்கப்போகிற வண்டியைக் காலையில் கிளப்பக் கூடாது, இந்த ஏரிக்கரையில் யாருக்குத் தெரியாது அது, வாங்க வருகிறவன்தான் உறைந்து கிடக்கிற எஞ்சினைக் கயிறு இழுத்துப் பார்க்க வேண்டும், சூடேற்றி வைத்த வண்டி எவன் இழுத்தாலும் ஓடத்தான் செய்யும், அப்படியானால் சீர்க்கா எதை மறைக்கிறாள், கூடப் படித்தவள், என்னிடமேவா… அவளோ செதில் ஒட்டிய மேலங்கியோடு கொட்டகை வாசலில் நின்று, "என்ன, காய்ச்சல் இருக்கான்னு தொட்டுப் பாக்குறியா?" என்றாள். விடிந்ததும் பனிக்கட்டிக்கு அடியில் போட்ட வலையைத் தூக்க இதில்தான் போனாளாம், நீ வருவாய் என்று மீன் காத்திருக்குமா என்றாள். இருக்கலாம். பொய்யாக இருந்தாலும் நம்பியிருப்பான், அது அவனுக்கே தெரிந்தது, கொட்டகைக்குள் நுழைந்ததுமே பின்னிருக்கையைப் பார்த்துவிட்டானே, முதுகுக்கு நல்ல சாய்மானம், இரண்டு பக்கமும் கைப்பிடி, போன வசந்தத்தில் செத்துப்போன அவன் பழைய வண்டியில் இதெல்லாம் ஏது, மனைவி ரைலி அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள், வீடு திரும்பியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்பருகே நிற்பாள்…

மண்டியிட்டு ரப்பர்ப் பட்டையைத் தடவினான், ஓரத்தில் இரண்டு பல் பிய்ந்திருந்தது, பரவாயில்லை, முன்சறுக்கை ஆட்டினான், கொஞ்சம் ஆடியது, அதுவும் பரவாயில்லை, எல்லாமே பரவாயில்லை என்றால் எதற்கடா பார்க்க வந்தாய், மரம் வெட்டி வெட்டி மரத்துப்போன விரல்களுக்கு எந்த விரிசல்தான் தெரியப்போகிறது. இலையுதிர்காலத்தில் ரொவனியெமிக்கு, அக்கா வீட்டுக்குப் போன ரைலி இன்னும் வரவில்லை, சண்டையும் இல்லை, கதவை அறைந்து சாத்தவும் இல்லை, பையை எடுத்துக்கொண்டு போனாள், அவ்வளவுதான். ஈஸ்டருக்கு மீன் பிடிக்கப் போகலாமா என்று போனில் கேட்டதற்குப் பார்க்கலாம் என்றாள். பார்க்கலாம் என்றால் வருவேன் என்றா, வரமாட்டேன் என்றா, அந்த ஒரு சொல்லை எத்தனை தரம்தான் புரட்டிப் பார்ப்பது… சாய்மானம் இருக்கிறது என்று சொல்லலாம், இனி இடுப்பு வலிக்காது என்று சொல்லலாம், வலியைத் தவிர வேறு என்ன குறை இருந்திருக்கும் அவளுக்கு?

"நீ ஓட்டு, நான் பின்னால உக்காந்து பாக்குறேன்" என்றான். சீர்க்கா சிரித்தாள். "பொண்டாட்டிக்கு மெத்தை சரியா இருக்குமான்னு பாக்கணுமா? ஏறு, கெழவா." உறைந்து கிடந்த ஏரிக்கு இறங்கினார்கள். சாய்மானம் சுகமாகத்தான் இருந்தது, ஆனால் எதிரே அவள் முதுகு, தையல் விட்ட தோள்பட்டை, அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை, தலையைச் சாய்த்தால் பனித்தூள் கண்ணில் குத்தியது, மேடு எப்போது வருகிறதென்றே தெரியாமல் தூக்கிப் போட்டது. மெதுவாகப் போ என்று கத்தினான், அவள் தலையாட்டினாள், வேகம் குறையவில்லை. ஆகா, இந்தத் தலையாட்டல்… பின்னாலிருந்து ரைலி ஏதோ சொல்லிக்கொண்டேதான் வருவாள், அவனும் ஆட்டுவான், தீவுப் பக்கம் திரும்புகிற இடத்தில் தவறாமல் ஏதோ சொல்வாள், என்ன அது, நிறுத்து என்றா, அங்கே பார் என்றா, கரை சேர்ந்தபிறகும் கேட்டதில்லையே. இத்தனை வருஷமும் அவன் ஏரியைப் பார்த்தான், அவள் அவன் முதுகைப் பார்த்தாள்.

தீவருகே வண்டி நின்றது. "சரி, முன்னால வா, நீ ஓட்டிப் பாரு" என்று சீர்க்கா இறங்கி இடம் விட்டாள். ஹெய்மோ எழுந்திருக்கவில்லை, கைப்பிடிகளைப் பிடித்தபடி காலியான முன்னிருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான், ரைலிக்கு ஓட்டத் தெரியுமா, இந்தக் கரையில் பிறந்தவளுக்குத் தெரியாமலா இருக்கும், தெரியும், தெரிந்துதான் இருக்கும்… கேட்டதே இல்லையே.