எடுக்காத சிப்பாய்

கரமனை செஸ் கிளப்பின் வருடாந்தரப் போட்டிக்குப் பத்மஜா பெயர் கொடுத்தபோது யாரும் காரணம் கேட்கவில்லை. அவள் கணவர் வெங்கிடேஷ் மாரடைப்பில் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை.

அவர் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்குவார். கிங்ஸ் கேம்பிட். இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயை எதிராளிக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார். அவரை அண்ணன் என்றும் அவளை மைனி என்றும் கூப்பிடும் கிளப் தோழன் ஆரியசாலை ராகேஷ் அதை லபக்கென்று எடுத்து, கடிகாரத்தில் ஓங்கித் தட்டுவான். பெரும்பாலும் அவன்தான் ஜெயிப்பான். "உன் ராகேஷ் இன்னிக்கும் என்னை உரிச்சுட்டாண்டி" என்று வீட்டுக்கு வருகிறவர், சாப்பாட்டு மேஜையில் அந்த ஆட்டத்தை மறுபடி ஆடிப் பார்ப்பார். ராகேஷின் கறுப்புக் காய்களை நகர்த்துவது பத்மஜா. அப்படித்தான் அவள் ஆடக் கற்றாள்.

இன்று அவளுக்கு வெள்ளை, எதிரே ராகேஷ். ஜெயிக்கும் எண்ணமெல்லாம் இல்லை. அவன் அந்தச் சிப்பாயைப் பிடுங்குவதை அவர் உட்கார்ந்த பக்கத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

சிப்பாயை நீட்டினாள். ராகேஷ் வெகுநேரம் பார்த்தான். எடுக்கவில்லை. ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். அவள் குதிரையை வெளியே கொண்டுவந்தாள்.

"மைனி, சமம் போட்டிருவோமா?"

"அவருக்கு என்னிக்காவது சமம் குடுத்திருக்கியாடா நீ?"

"அண்ணன் வேற, மைனி."

"அதே சிப்பாய்தான். அங்கேயேதான் நிக்கறது. எடு."

நடுவர் தாணுமாலயன் எட்டிப் பார்த்தார். "மைனியும் கொழுந்தனும் வெளிய போய்ப் பேசுங்க, கேட்டியளா."

ராகேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிப்பாயை எடுத்தான். கடிகாரத்தைப் பூப்போல அழுத்தினான்.

"இப்படியா தட்டுவே?" என்றாள் பத்மஜா மெல்ல.

அடுத்த நகர்த்தலில் மேஜையே அதிர்ந்தது. அதன்பிறகு அவன் இரக்கம் காட்டவில்லை. சாப்பாட்டு வேளைக்கு முன்பே அவளுடைய ராஜா மாட்டிக்கொண்டது.

"ராணியைச் சீக்கிரம் வெளிய விட்டுட்டிய மைனி," என்றான், கை கொடுத்தபடி.

"அவரும் அப்படித்தானே விடுவார்."

வீட்டுக்கு வந்தவள் புடவைகூட மாற்றாமல் மேஜையில் காய்களை அடுக்கினாள். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். சிப்பாயை நீட்டிவிட்டுப் பழக்கத்தில் காத்திருந்தாள். பிறகு எழுந்து, சுற்றிப் போய், தன் நாற்காலியில் உட்கார்ந்து அதை எடுத்தாள்.

"ஏன்னா, உங்க ராகேஷ் என்னையும் உரிச்சுட்டான்."

அடுத்தது வெள்ளையின் முறை.