வேறு மாத்திரை

வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று டாக்டர் இந்தியில் கேட்டது சஃப்ரீனிடம். "குச் நஹி சார்", ஒன்றுமில்லை என்று பதில் சொன்னது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் அஸாருதீன். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். சஃப்ரீன் மேஜைக் கண்ணாடிக்குள் செத்துக் கிடந்த ஒரு எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கக் கொஞ்சம் நேரம் இருக்கத்தான் செய்தது. டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நோன்புக்கு முன்பே தொடங்கிய இருமல். தாராவியில் தோல் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்தில் இருமாதவர்கள் யார்? தெரு கிளினிக்கில் முதலில் சிவப்பு சிரப் கொடுத்தார்கள், பிறகு பச்சை சிரப். சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. போட்டிருந்த குர்தா கொடியில் தொங்குவதுபோல உடம்பில் தொங்கியது. எச்சிலில் ரத்தம் கண்ட அன்றுதான் அஸாருதீன் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அவளை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். சளியை மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். டி.பி.தான், ஆனால் வழக்கமான மருந்துக்கே கட்டுப்படுகிற வகை என்றார்கள். அதைக் கேட்டதும் அஸாருதீன் வராந்தாவில் நின்று அழுதான். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. யாரோ இன்னொருத்தியைப் பற்றிப் பேசுகிறார்கள், அவள் தொலைவில் எங்கோ இருக்கிறாள் என்று தோன்றியது.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். ஜன்னலை அடைத்திருந்த தகரத்தைப் பெயர்த்துக் காற்று வரச் செய்தான். தினம் முட்டை வாங்கி வந்தான். பிள்ளைகள் இரண்டுக்கும் தடுப்பு மருந்தை அவனே கொடுத்தான். கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டாவது மகள் பிறந்தபோது ரத்தம் நிற்காமல் போய், கூரை மின்விசிறி மெல்ல மெல்ல இருண்டதை அவள் மறக்கவில்லை. அவன் மறந்துவிட்டான். "அடுத்தது ஆம்பளப் புள்ளதான்" என்று ஒவ்வொரு பெருநாளைக்கும் சிரித்துக்கொண்டே சொன்னான். அவளும் சிரித்தாள். பிறகு, தன்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத மாஹிம் பக்கத்து மெடிக்கல் கடைக்குப் போய்க் கருத்தடை மாத்திரை வாங்கினாள். கூலிக்குக் குர்தாக்களில் அவள் ஒட்டுகிற கண்ணாடிக் கற்களின் டப்பாவுக்கு அடியில் அதை வைத்தாள்.

டி.பி. மருந்து வேலை செய்தது. இருமல் அடங்கியது, சோறு ருசித்தது. திடீரென்று ஒரு வாரம் எதைத் தின்றாலும் குமட்டிக்கொண்டு வந்தது.

சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிற பத்மஜா மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்க்காரி. அவள் சஃப்ரீனின் கண் இமையைக் கீழே இழுத்து மஞ்சள் தட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். ஈரலுக்காக ரத்தம் எடுக்கச் சொன்னாள். கூடவே மாதவிலக்கைப் பற்றியும் கேட்டாள்.

"தள்ளிப்போயிருக்கு. ஆனா அதெல்லாம் இருக்காது மேடம். நான் மாத்திர போடுதேன்."

பத்மஜாவின் கை அப்படியே நின்றது. "என்ன மாத்திரை?"

சஃப்ரீன் சொன்னாள்.

"இந்த டி.பி. மருந்து சாப்பிடறச்சே அது சரியா வேலை செய்யாதும்மா. இது அதோட சக்தியைக் கொறைச்சுடும். மொதல் நாளே டாக்டர் கேட்டிருப்பாரே?"

"கேட்டாவ. அவிய பக்கத்துல இருந்தாவ."

பத்மஜா மருந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "அவரை வெளியில அனுப்பிட்டுக் கேட்டிருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். பரிசோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தது.

"டி.பி. மருந்தை மட்டும் நீங்களா நிறுத்திடாதேங்கோ. கர்ப்பத்துலயும் அதைச் சாப்பிடலாம். நிறுத்தினாத்தான் ஆபத்து. குழந்தையை வச்சுக்கறதா வேண்டாமான்னு லேடி டாக்டர்கிட்டப் பேசி நீங்க முடிவு பண்ணலாம். அதுக்கு உங்க கையெழுத்து போறும், அவரோடது வேண்டாம்."

சஃப்ரீன் தலையாட்டினாள். வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. குடையை விரிக்க வேண்டும் என்பது பாதி வழி நனைந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் அஸாருதீன் முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது, "மச்சான், உண்டாயிருக்கேன்" என்றாள். அவன் முகம் மலர்ந்தது. அது மலர்ந்து முடிவதற்குள் மீதியையும் சொல்லிவிட்டாள். மழையில் நனைந்து விறைத்த கை கால்களைப் போல நாக்கும் மரத்துப்போயிருந்ததால் சொல்வது கஷ்டமாக இல்லை.

"எம்புட்டு நாளா?"

"சின்னவ பொறந்ததுல இருந்து."

அவன் முட்டை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். "டாக்டர் கேட்டப்போ நீ வாயத் தொறக்கலியே."

"நீங்க பதில் சொல்லிட்டிய."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தாள். கோபம் வரவில்லை. வந்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. மூத்தவள் வந்து முட்டையை எடுத்துக்கொண்டு போனாள்.

"நான் உனக்கு அம்புட்டுக்கா ஆகாதவன்?" என்று கடைசியில் கேட்டான்.  ஆமாம் என்பதும் இல்லை என்பதும் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"சின்னவ பொறந்தப்போ ஆஸ்பத்திரில ரத்தம் போச்சுல்லா. நீங்க வெளிய இருந்திய. நான் உள்ள இருந்தேன்" என்றாள்.

லேடி டாக்டரைப் பார்க்கப் போன அன்று அவனும் கூடவே வந்தான். அவள் வரச் சொல்லவுமில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் அவளுக்கு ஒரு சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவள் தோள் யார் மீதும் இடிக்காதபடி கம்பியைப் பிடித்து நின்றுகொண்டான். ஆஸ்பத்திரியில் அவள் பெயரைக் கூப்பிட்டதும் இருவரும் எழுந்தார்கள்.

"நீங்க இங்கன இருங்க" என்றாள்.

அவன் நின்றான். பிறகு கையிலிருந்த குடையோடு பெஞ்சில் உட்கார்ந்தான்.

உள்ளே வயதான ஒரு டாக்டர் அம்மா. ஜன்னல் வழியே ஈரக்காற்று அடித்தது. "சொல்லுங்க" என்றாள். மழையில் ஊறி உப்பியிருந்த கதவு, சஃப்ரீன் இரண்டு முறை தள்ளியும் மூடாமல் திறந்துகொண்டே வந்தது. இடுக்கில் அஸாருதீனின் முழங்காலும், குடையிலிருந்து தரையில் சொட்டிய தண்ணீரும் தெரிந்தன. அவள் டாக்டருக்கு எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து கதவோடு ஒட்டிப் போட்டாள். முதுகால் கதவை அழுத்திக்கொண்டு அதில் உட்கார்ந்தாள்.